பிறப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

என் வேலை என்னவென்று சொன்னால் எதிரே இருப்பவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறார்கள். பல் அறுக்கிறவள் நான். பயப்பட வேண்டாம், விழுந்த பல்லைத்தான் அறுப்பேன். குழந்தைகளின் பால்பற்கள் தபாலில் வரும். அவற்றைக் கெட்டிப் பசையில் பதித்து, வைரத்தூள் பூசிய சுழல்தகட்டில் சன்னமாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுப்பேன். மருத்துவக் கல்லூரியின் பின்பக்கம், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் எங்கள் ஆய்வுக்கூடம். அந்தச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசியே என் குரல் இப்படி ஆகிவிட்டது. வீட்டில் சாதாரணமாகப் பேசினாலும் சண்டைக்கு வருகிறேன் என்கிறார்கள். சில நேரம் சண்டைக்குத்தான் வருகிறேன்.

எதையும் பார்த்து வாயைப் பிளக்கிற ஆள் இல்லை நான். ஒன்றே ஒன்றுதான் என்னை அசைத்துவிட்டது. அதற்கு நாங்கள் பிறப்புக் கோடு என்று சொல்வோம்.

பல்லின் வெள்ளை மூடிக்கு அடியில் எலும்பு மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அது வெளியிலிருந்து உள்நோக்கி வளரும். ஓர் அறையின் உட்சுவரில் பூச்சின்மேல் பூச்சாகப் பூசிக்கொண்டே வந்தால் அறை சின்னதாகிக்கொண்டே போகும் இல்லையா, அந்த மாதிரி. முதல் பூச்சுகள் அம்மா வயிற்றிலேயே விழுந்துவிடும். பிறகு குழந்தை பிறக்கிறது. வெளிச்சம், குளிர், முதல் மூச்சு, முதல் பசி. அந்தத் திகைப்பில் பல்லும் ஒரு கணம் தடுமாறி நிற்கிறது. நின்ற இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு வெளிப்பக்கம் வயிற்றுக்குள் இருந்த காலம், உட்பக்கம் இந்த உலகம். ஒவ்வொரு பூச்சும் அப்போது ரத்தத்தில் ஓடியதைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஈயம் ஓடியிருந்தால் ஈயம். உங்களுக்கும் எனக்கும்கூட அந்தக் கோடு இருந்தது, விழுந்ததும் தூக்கி எறிந்துவிட்டோம். முதல்முறை அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த அன்று நான் சாப்பிடக்கூடப் போகவில்லை.

இப்படியிருக்க, ஒரு மத்தியானம் என் அக்கா ஒரு மாத்திரை டப்பாவோடு ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"இதைப் பாத்துச் சொல்லுடி."

"என்னக்கா இது?"

"வாலோட பல்லு. மேல் வரிசை, முன்னாடிப் பல்லு."

வாலு என்பது அக்கா மகன். அவன் செய்கிற சேட்டைக்கு அந்தப் பெயரே குறைச்சல். சின்னதில் அவனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்றார்கள். வீட்டில் யாராவது ஈயம் புழங்கும் பேட்டரி வேலை செய்கிறீர்களா என்று ஒரு கேள்வி கேட்டார்கள். என் அக்கா, பாவி மனுஷி, கல்யாணத்துக்கு முன்பிருந்து, வாலு வயிற்றில் வந்த புதிதிலும்கூட, ஒரு பேட்டரிப் பட்டறையில் பில் போடும் வேலை பார்த்தவள். அந்தக் கேள்வியையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். பிறகு வீடு மாறினார்கள், பையன் ரத்தத்தில் ஈயம் இறங்கியது, பேச்சும் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் இன்னும் திணறுகிறான். அவன் ஒரு சொல்லில் தடுக்கும்போதெல்லாம் அக்கா அடுப்படிக்குள் போய்விடுவாள். அவள் அங்கே எதற்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"நாள் தள்ளிப்போயிருக்குடி. மாமாகிட்டகூட இன்னும் சொல்லல."

"அட! நல்ல சேதியை அழுதுக்கிட்டா சொல்லுவாங்க?"

"ஈயம் எலும்புல போய் ஒளிஞ்சுக்குமாம். வயித்துல பிள்ளை வந்தா கரைஞ்சு வெளிய வருமாம். நீ வீட்டுக்குக் கொண்டுவந்த புஸ்தகத்துலதான் படிச்சேன். வாலுக்கு நான்தான் குடுத்தேன்னா இதுக்கும் நான்தானே குடுப்பேன்? அப்படின்னா இது வேண்டாம். தெரிஞ்சே ஒரு பிள்ளைக்கு விஷம் குடுக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் டாக்டரம்மா அந்த வாரம் ஒரு மருத்துவ இதழுக்குக் கட்டுரை அனுப்பும் மும்முரத்தில் இருந்தார். குழந்தைகளுக்கு ஈயம் எந்தப் பருவத்தில் உடம்பில் ஏறுகிறது என்பதுதான் கட்டுரை. அண்மையில் பார்த்த பற்களில் பெரும்பாலும் வயிற்றிலேயே ஏறியிருப்பதாகத் தெரிந்தது. யாரும் எதிர்பார்க்காத முடிவு என்பதால் அவருக்குத் தூக்கமே போயிருந்தது.

நான் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தக்காரங்க பல்லை ஆராய்ச்சியில சேர்க்க மாட்டேன். தனியா வேணா பாத்துக்கலாம். ஆனா பல்லை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாதுன்னு அக்காகிட்ட சொல்லிடு."

"சொல்லிட்டேன் மேடம். அவ காதுல ஏறணுமே."

அன்றைக்குத் தகட்டில் பல்லை வைத்துவிட்டு, இத்தனை பல் அறுத்த நான் சுவிட்சை இரண்டு முறை போட்டு அணைத்தேன். முத்தம் கொடுக்கப் போனால் கடித்துவைக்கிற பல் அது. என் கன்னத்துக்கு நன்றாகத் தெரியும்.

சீவி, ஒட்டி, பிறப்புக் கோடு எங்கே இருக்கிறது என்று அளந்து எழுதி, லேசர் அறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருப்பவரை நாங்கள் அவசரம் சார் என்போம். நல்ல மனுஷன், ஆனால் காலில் வெந்நீர் கொட்டியது போலவேதான் எப்போதும் இருப்பார். லேசர் முதலில் இடம் பார்க்க ஒரு பெரிய பொத்தல் போடும். பிறகு சின்னச் சின்னப் பொத்தல்களாகச் சுட்டுக்கொண்டே வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம் போகும். ஒவ்வொரு பொத்தலிலிருந்து எழும் புகையிலும் எவ்வளவு ஈயம் என்று பக்கத்துக் கருவி சொல்லும்.

"வச்சுட்டுப் போங்க, சட்டுனு முடிச்சுடறேன்" என்றார்.

முடித்தார். கணினித் திரையில் வரைபடம் வந்தது. தொடக்கத்திலேயே உச்சி. பிறப்புக் கோடு வரைக்கும் உயரமாகவே போய், அதன் பிறகு படிப்படியாக இறங்கித் தரையைத் தொட்டது.

அவசரம் சார் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். என் அக்கா சொன்னதுதான் சரி. வயிற்றிலிருந்தே போயிருக்கிறது. அவளே கொடுத்திருக்கிறாள். இதை எந்த வாயால் அவளிடம் சொல்வேன்?

சாயங்காலம் போன் செய்தாள். "மெஷின் ரிப்பேர்க்கா, இன்னும் வரல" என்று புளுகினேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அவள் "சரிடி" என்று மட்டும் சொன்னாள். அந்தச் "சரிடி" ராத்திரி முழுக்க என் காதிலேயே கிடந்தது.

டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பல்லாக இருந்தாலும் லேசர் சுடுவதற்கு முன்னால் அதன் பிறப்புக் கோட்டைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவார். "வந்திருக்கிற பிள்ளைக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டாமா?" என்பார். கட்டுரை வேலையில் வாலின் பல்லை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தார். மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக அதைக் கேட்டார்.

"அதான் சுட்டாச்சே மேடம். இனி அதுல என்ன இருக்கு?"

"பொத்தல் விழுந்தா பிள்ளை பிள்ளை இல்லாம போயிடுமா? கொண்டா."

குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முதுகு அசையவில்லை.

"அந்த முதல் பெரிய பொத்தல் எந்தப் பக்கம் விழணும்?"

"வெளிப்பக்கம். வெள்ளை மூடிகிட்ட."

"நீ பாரு."

பார்த்தேன். பெரிய பொத்தல் வெள்ளை மூடிக்குப் பக்கத்தில் இல்லை. உள்ளே, நரம்பு ஓடும் குழிக்குப் பக்கத்தில் இருந்தது. சின்னப் பொத்தல்கள் அங்கிருந்து கிளம்பி வெளியே வந்திருந்தன. கடைசிப் பொத்தல்கள்தான் பிறப்புக் கோட்டைத் தாண்டியிருந்தன. லேசர் பின்னாலிருந்து முன்னால் நடந்திருக்கிறது. நாங்கள் தொடக்கம் என்று நினைத்தது முடிவு, முடிவு என்று நினைத்தது தொடக்கம்.

"சார்!" என்று நான் போட்ட கூச்சலில் சலவை அறையிலிருந்துகூட ஆள் எட்டிப் பார்த்தது.

அவசரம் சார் ஓடிவந்தார். கண்ணாடித் துண்டை வைக்கிற தட்டில் ஒரு பக்கத்துக் கிளிப் உடைந்துபோயிருந்ததாம். வேலை நிற்கக் கூடாதென்று துண்டைத் திருப்பி மற்றக் கிளிப்பில் மாட்டியிருக்கிறார். துண்டைத் திருப்பியதை மெஷினுக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

"கிளிப் உடைஞ்சு எவ்வளவு நாளாச்சு?" டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

அவசரம் சார் முகத்தில் ஈயாடவில்லை. கிளிப் உடைந்த பிறகு சுட்ட பற்கள்தான் கட்டுரையின் பாதி. யாரும் எதிர்பார்க்காத அந்த முடிவு முழுக்க அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

டாக்டரம்மா கத்துவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கூரை பறந்திருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "நல்லவேளை. இதை மட்டும் அனுப்பியிருந்தா எத்தனை அம்மாங்க தலையில கல்லைத் தூக்கிப் போட்டிருப்பேன்." பிறகு எழுந்தார். "எல்லாப் பல்லையும் மறுபடி பாக்கணும். முதல்ல இந்தப் பல்லு."

புதுக் கிளிப் மாட்டி, முதல் வரிசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை சுட்டார்கள். அவசரம் சார் அன்றைக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக நிதானமாக வேலை செய்தார். நான் திரையை ஒட்டி நின்றேன். வெளிப்பக்கம் வரைபடம் தரையோடு தரையாகப் போனது. பிறப்புக் கோடு வந்தது. அதைத் தாண்டியும் தரைதான். அப்புறம் இன்னும் கொஞ்ச தூரம் போனபிறகுதான் படி ஏறத் தொடங்கியது.

நான் அழுதேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்?

அக்காவை உடனே வரச் சொன்னேன். வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. டாக்டரம்மா அவளை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். நான் பக்கத்தில் நின்று காட்டினேன்.

"நடுவுல மெல்லிசா ஒரு கோடு தெரியுதா? அதான்க்கா வாலு பொறந்த நாளு."

"எது... அன்னிக்கா? அது இதுக்குள்ள இருக்கா?"

"இருக்கு. அன்னிக்கு நீ கத்தின கத்தல்ல பல்லே பயந்து நின்னுருக்கு."

அவள் சிரிக்கவில்லை. கண்ணை எடுக்கவே இல்லை. "இதுல நான் எந்தப் பக்கம்?"

"கோட்டுக்கு வெளிப்பக்கம். அதெல்லாம் உன் வயித்துல போட்டது. அதுல ஒண்ணும் இல்லக்கா. நீ குடுக்கல."

"ஒண்ணுமே இல்லையா?"

"சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "உங்க ரத்தத்தையும் பாத்துடுவோம், அதுதான் முறை. ஆனா இந்தப் பையனுக்கு ஏறினது பொறந்து பல மாசம் கழிச்சு. தவழ்ந்து, எதையாவது பிடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கிற பருவத்துல."

அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் அடுப்படிக்குள் போய் அழுத அழுகையெல்லாம் அங்கே எல்லார் முன்னாலும் வந்தது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவசரம் சார் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுகை அடங்கியபோது சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஜன்னல்."

"என்னக்கா?"

"பழைய வீட்டு நீல ஜன்னல். மாமா வண்டிச் சத்தம் கேட்டா அந்தக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டுதான்டி எழுந்து நிப்பான். பல்லு முளைச்ச குறுகுறுப்புல அதைக் கடிச்சுக்கிட்டே நிப்பான். உதடெல்லாம் நீலமா இருக்கும். நாங்க சிரிச்சு போட்டோகூட எடுத்தோமே."

டாக்டரம்மா தலையசைத்தார். "பழைய பெயிண்ட். இருக்கலாம். ஆள் அனுப்பிச் சுரண்டிப் பாத்துடலாம்."

அக்கா மறுபடியும் தன்னைப் பழிக்கத் தொடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அதற்குப் பதில் சொல்ல வாயில் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டது வேறு.

"அந்த வீட்ல இப்ப யாருடி இருக்காங்க?"

கேட்டு முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "மெதுவா போக்கா, நீ இப்ப ஒருத்தி இல்ல" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

பஸ்ஸில் அவள் உட்காரவே இல்லை. தெருமுனையில் இறங்கியதும் எனக்கு முன்னால் நடந்தாள். வீடு அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு மட்டும் யாரோ மேலே பச்சை அடித்திருந்தார்கள். வெயிலில் அது பொரிந்து உரிந்து, அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்த்தது. கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை நின்றிருந்தது. எங்களைப் பார்த்ததும் அது பொக்கைவாய் திறந்து சிரித்தது. பிறகு கட்டையில் வாயை வைத்தது.

அக்கா ஓடினாள். கதவைத் தட்டவில்லை, இடித்தாள். திறந்த பெண் சின்ன வயசு, கையில் ஈரத் துணி, முகத்தில் பயம்.

"முதல்ல பிள்ளையை ஜன்னல்லேருந்து தூக்கும்மா. நாங்க இந்த வீட்ல இருந்தவங்க. அந்தப் பெயிண்ட்ல விஷம் இருக்கு போலிருக்கு. பிள்ளை ரத்தத்தைப் பாக்கணும்."

அந்தப் பெண் பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். அதன் உதட்டைத் துடைத்தாள், விரலைப் பார்த்தாள், அவள் முகம் சுண்டிப்போனது. "ஐயோ, தினமும் இங்கதானே நிக்கவிட்டேன். நான்தானே விட்டேன்..."

என் அக்கா அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் யாருமே அவளிடம் சொல்லாததைச் சொன்னாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. ஜன்னல்தான். நல்லா கேட்டுக்கோ, நீ இல்ல."