விறகில் வனேடியம் கிடையாது

யகோதா கதவைத் தட்டவில்லை. உதைத்துத் திறந்தாள்.

"கையெழுத்துப் போட்டுடாதீங்க!"

காற்றுத்தர ஆய்வக இயக்குநர் மெதோதியின் பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. ஊர்ப் புகைக்கு விறகு அடுப்புகளே காரணம் என்ற அந்த அறிக்கையில் கையெழுத்து விழுந்தால், மூன்று மணிக்கு நகராட்சி வண்டிகள் லிபோவ் பேட்டைக்குக் கிளம்பும். நூற்று நாற்பது வீடுகளின் விறகு அடுப்புகளுக்கு சீல் வைக்கப்படும். வெளியே மைனஸ் பதினொன்று டிகிரி. வர்தார் ஆற்றின் ஓரங்கள் உறைந்து கிடந்தன.

"என்னம்மா ஆய்வக ராணி, கதவு என்ன பாவம் பண்ணுச்சு?"

"மொட்டைமாடியில காத்துத் தூசி பிடிக்கிற மெஷினோட வடிதாளை நானே கரைச்சுப் பார்த்தேன். நீங்க எழுதியிருக்கிறது பொய்."

"பொய்யா? அந்த ஜனங்க விறகு, டயர், பழைய செருப்புன்னு கையில கிடைச்சதையெல்லாம் கொளுத்துறாங்க. ஊரே இருமுது!"

"விறகு எரிஞ்சா தூசியில ஒரு தனிச் சர்க்கரை இருக்கும் சார். மரத்தோட கைரேகை அது. இதுல பேருக்குத்தான் இருக்கு. டயர்னா துத்தநாகம் கொட்டணும். அதுவும் இல்ல. கொட்டிக் கிடக்கிறது வனேடியமும் நிக்கலும். விறகுல ஏது சார் இவ்வளவு வனேடியம்? இது மசூத்!"

கொதிகலன்களில் எரிக்கும் அந்தக் கறுப்பு எண்ணெய்க்கு ஊரில் தடை வந்து நான்கு வருடம்.

மெதோதி சிரித்தார். "சரி, எரிக்கிறவன் பேரைச் சொல்லு. இப்பவே பூட்டுறேன்."

யகோதாவுக்குக் காது மடல்கள் எரிந்தன. வாசலில் பூரெக் மென்றபடி வேடிக்கை பார்த்த மெஷின்காரர் த்ராய்ச்சே பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, மெஷினை எதுக்கு இடம் மாத்துனீங்க?"

"அந்த மூலையில குறுக்குக்காத்து தங்கச்சி! தாள் மாத்தக் குனிஞ்சா நேரா இடுப்புல அடிக்குது. கிட்னி என்னத்துக்கு ஆவும்? அதான் நம்ம கட்டடப் புகைபோக்கி மறைவுக்குத் தள்ளிட்டேன். அங்க நல்லா கதகதப்பு."

"கதகதப்பு!" மேசையில் ஓங்கி அறைந்தாள். காப்பிக் கோப்பை கவிழ்ந்தது. "உங்க இடுப்புக்காக நூத்தி நாப்பது வீட்டுப் பிள்ளைங்க விறைச்சுச் சாகணுமா?"

த்ராய்ச்சே மெல்லுவதை நிறுத்தினார்.

"புகைபோக்கியில வெறும் எரிவாயுதானே போகுது," என்றார் மெதோதி. குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"காலையில கீழ கொதிகலன் அறைக்குப் போய் எண்ணெய்த் தொட்டி மூடியைத் திறந்தேன் சார். கொதிகலன்காரர் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார். எரிவாயு விலை ஏறுன அக்டோபர் மாசத்துலேருந்து நம்ம கட்டடத்துல மசூத்தான் எரியுது. ஊத்தச் சொன்னது நீங்க."