பதினான்காவது படம்

மதுமதி அறைக்குள் நுழைந்தபோது அப்பா ஜன்னலோரம் நின்று, கேமராவின் இடப்பக்கக் குமிழை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வேண்டாம்…" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் குமிழ் மேலே வந்தது. பின்மூடி டக்கென்று திறந்துகொண்டது. பதினொரு மணி வெயில் நேராக உள்ளே விழுந்தது.

"படம் ஒண்ணையுங் காணமே சாமி. பழுப்பா நாடாதான் இருக்குது" என்றார் அப்பா ரங்கன்.

அவள் பாய்ந்துபோய் மூடியை அழுத்திச் சாத்தினாள்.

வாசல் பந்தலில், ஐஸ் பெட்டிக்குள் அம்மா படுத்திருந்தாள். விடிகாலையில் பால் வாங்கப் படியிறங்கியவள் அப்படியே உட்கார்ந்து சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது. அத்தை மகன் கதிர்வேல் ஃப்ளெக்ஸ் அடிக்க நல்ல படமாக ஒன்று கேட்டிருந்தான்.

அம்மா, சௌந்திரம் டீச்சர், மேட்டூரில் முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவள். அந்தப் பென்டாக்ஸ் கேமராவை வாங்கும்போது மதுமதிக்கு ஆறு வயது. சேலத்துக் கடைக்காரர், "இது புதுசாப் பழகறவங்க வெச்சுக்கற கேமராங்க டீச்சர். தானா ஒண்ணுஞ் செய்யாது. வெளிச்சம், தூரம் எல்லாம் நீங்கதான் வெக்கோணும்" என்றார். "பழகிக்கிட்டே இருக்கறனுங்க" என்று அம்மா வாங்கிக்கொண்டாள். பள்ளி ஆண்டு விழா, அணையின் மதகு திறப்பு, பக்கத்து வீட்டு ஆடு ஈன்ற குட்டிகள் என்று எல்லாவற்றையும் எடுத்தாள். ஃபிலிம் கிடைப்பதே அரிதான பிறகு வருஷத்துக்கு ஒரு சுருள். அதைக் கழுவச் சென்னைக்குத் தபாலில் அனுப்புவாள். யாராவது செல்போனை நீட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"போன ஞாயித்துக்கெழம அணை நெறஞ்சிருக்குதுன்னு பாக்கப் போனோம்" என்றார் அப்பா. "எல்லாத்தையும் அவளே திருகி வெச்சு, 'நீங்க அமுக்குனாப் போதும்'னு கைல குடுத்தா. நானா எடுத்த மொத படம். பதினாலாவதுன்னு சொன்னா. அதக் கதிர்வேலுக்குக் குடுக்கலாம்னுதான்…"

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"தெறந்தது தப்பா சாமி?"

கடைசியாக எடுத்த அந்தப் பதினாலாவது படம் சுருளின் மேல்சுற்றில் இருக்கும். வெயில் முதலில் தின்றிருப்பது அதைத்தான். உள்சுற்றில் ஏதாவது தப்பியிருக்கலாம். இதெல்லாம் மதுமதிக்கு அம்மா சொல்லிக்கொடுத்தது. அப்பா கேட்டதும் இல்லை, அம்மா அவருக்குச் சொன்னதும் இல்லை. அனல்மின் நிலையத்தில் காலமெல்லாம் கரி இயந்திரம் ஓட்டிய அந்தக் கை இப்போது கேமராவை அவளிடம் தயங்கிக் கொடுத்தது.

"தப்பெல்லாம் இல்லீங்கப்பா. சென்னைக்கு அனுப்பிக் கழுவோணும். இன்னைக்குள்ள ஆகாது."

"வந்துருமல்ல?"

"வந்துருமுங்கப்பா" என்றாள். கேமராவை அம்மாவின் பழைய துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஃப்ளெக்ஸுக்கு ஆதார் அட்டையின் படம் போயிற்று. அதில் அம்மா யாரோ ஒருத்தியைப் போல முறைத்துக்கொண்டிருந்தாள்.

மதியம் அதைப் பந்தல் காலில் கட்டிவிட்டு வந்த கதிர்வேல், மனசு கேளாமல், "வேற படமே இல்லீங்களா மாமா?" என்றான்.

"இருக்குது மாப்ளே. சென்னைக்குப் போய் வரோணும். நானே எடுத்தது." அழுது வீங்கிய முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்துபோனது. "காத்துல முந்தானை பறந்துச்சு. ஒத்தக் கையில புடிச்சுக்கிட்டா. படத்துக்கு நின்னாச் சிரிக்கமாட்டாளல்ல? அன்னைக்குச் சிரிச்சா. பின்னால அத்தனையும் தண்ணி…"

தண்ணீர் எதுவரை நின்றதென்று காட்ட, வலக்கையை நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

டீ கொடுத்துக்கொண்டிருந்த மதுமதி, தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன சேலைங்கப்பா கட்டியிருந்தாங்க?"

அப்பா நீட்டிய கையை இறக்காமலே யோசித்தார்.