சொந்தப் பல்

மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து கை கால் கழுவிய பிறகுதான் பல்செட்டுக்காரர் அந்தக் கண்ணாடி டம்ளரைப் பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில், தண்ணீருக்குள், அவளுடைய மேல்வரிசைப் பல்செட் ஈ என்று இளித்துக்கொண்டிருந்தது. அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பைச் செய்து கொடுத்த மனுஷர், கட்டின மனைவியைப் பொக்கை வாயோடு மண்ணுக்குள் அனுப்பியிருக்கிறார்.

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விடலாம். அவளோ பல் இல்லாமல் கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரே அவளை அப்படிப் பார்த்ததில்லை. காய்ச்சல் முற்றிப் பல்லைக் கழற்றி வைத்த பிறகும், மூச்சு நிற்கும்வரை வாயைக் கையால் பொத்தியபடியேதான் கிடந்தாள். "பல்லு இல்லாம, தேவதூதனே வந்து எக்காளம் ஊதினாலும் நான் எழுந்திருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்பாள். வீட்டில் அது பழைய வேடிக்கைப் பேச்சு. இப்போது அவரால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் டம்ளரோடு போதகரிடம் போனார். போதகர் நல்லவர், டம்ளரைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

"குழியைத் திறக்கணுமா? என்ன பேசுறீங்க! செத்தவங்க எழுந்திருக்கிற கடைசி நாள்ல அவங்களுக்கு அழியாத சரீரம் கிடைக்கும். அதுல ஒரு குறையும் இருக்காது. பல்லு உட்பட எல்லாம் சொந்தமா இருக்கும். நிம்மதியாப் போங்க."

நிம்மதி எங்கே வந்தது? பழைய கவலை போய்ப் புதுக் கவலை வந்து உட்கார்ந்தது. சொந்தப் பல்லோடு அவள் எப்படி இருப்பாள் என்று அவருக்குத் தெரியாது. பஸ் விபத்தில் மேல்வரிசை முழுக்கப் போன பிறகு, வாயில் கைக்குட்டையோடுதான் முதன்முதலில் அவர் பட்டறைக்கு வந்தாள். "முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்" என்று ஏதோ விவரம் சொல்ல வந்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொழில் திமிர். "அதைவிட நல்லாவே செஞ்சு தர்றேன்" என்று மெழுகில் ஒவ்வொன்றாக நட்டு, இம்மி பிசகாத வரிசையாகச் செய்து மாட்டினார். அந்தச் சிரிப்பில் தானே மயங்கி, அவளையே கட்டிக்கொண்டார்.

அவள் காய்ச்சலில் கிடந்தபோது, வாயைப் பொத்தாத கையைப் பிடித்துக்கொண்டு, "எழுந்திருக்கிற அன்னிக்கு மொதல்ல உன்னைத்தான் தேடுவேன்" என்றார்.

பொத்திய கைக்குள்ளிருந்து அவள் கேட்டாள்: "தேடுவீங்க. அடையாளம் தெரியுமா?"

அன்று அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டார். இப்போது எந்த அறைக்குள் போனாலும் அந்தக் கேள்வி அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

வீட்டில் இருக்கப் பயந்து பட்டறையைத் திறந்தார். அங்கே எல்லாம் பழகிய பொருள்கள்: அச்சு வார்க்கும் மாவுத் தூசி, ஸ்பிரிட் விளக்கு, அலமாரி நிறைய வாடிக்கையாளர்களின் ஈறு அச்சுகள். மத்தியானம் மேஜைமேல் நிழல் விழுந்தது. வாசலில் முன்பின் தெரியாத ஒரு இளம்பெண். யாரைப் பார்த்தாலும் அவர் பல்லைத்தான் முதலில் பார்ப்பார், முகம் மனசில் பதியாது. மேலே முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு அரிசி நுழையும் சந்து. வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"எல்லாம் சொந்தப் பல்லு. உங்களுக்கு இங்க வேலை இல்லம்மா" என்றார்.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அதைக் கேட்கத்தான் வந்தவள்போலச் சந்தோஷமாகப் போனாள்.

அடுத்த நாளும் வந்தாள். "சிரிச்சா ஆச்சா? விஷயத்தைச் சொல்லும்மா" என்று அதட்டினார். அவள் அவர் முகத்தையே எதிர்பார்ப்போடு பார்த்தாள். அந்தப் பார்வை தாங்காமல் அவர் குனிந்து மெழுகைச் சுரண்டினார். ஏன் என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை நிழல் விழுந்ததும் வெடித்துவிட்டார்.

"எங்க வீட்டுல துக்கம் நடந்திருக்கு. இங்க வந்து என்ன இளிப்பு? போ! இனிமே வராதே!"

சிரிப்பு சட்டென்று அணைந்தது. அவள் வலது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று சாயங்காலம் மனைவியின் அக்கா துணிமணிகளைப் பிரித்து வைக்க வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினார். "விபத்துக்கு முன்னாடி எடுத்தது, தம்பி. உங்களுக்குக் காட்டவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. பல்லுல சந்து இருக்குல்ல? நீங்க அழகா செஞ்சு குடுத்ததுக்கப்புறம் இதைப் பார்த்து வெட்கம் அவளுக்கு."

போட்டோவில், வாயெல்லாம் பல்லாக, வாசலில் நின்ற பெண்.

"வந்தாக்கா. மூணு தடவை வந்தா. நான் துரத்தி விட்டுட்டேன்."

"துக்கத்துல அப்படித்தான் தோணும். கடைசி நாளுக்கு முன்னாடி யாரும் வரமாட்டாங்க."

"பைபிள்ல, கல்லறைத் தோட்டத்துல, எழுந்து வந்த ஆண்டவரையே ஒரு அம்மா தோட்டக்காரர்னு நெனச்சாங்களேக்கா. அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அவங்களுக்குத் தெரிஞ்சுது. எனக்கு இவ சிரிச்சும் தெரியலையே!" சின்னப் பிள்ளைபோல விம்மி விம்மி அழுதார்.

அக்கா அவரைத் தேற்ற வழி தெரியாமல், பட்டறையையாவது பெருக்கலாம் என்று துடைப்பத்தோடு போனார். வாசலருகே மாவுத் தூசியில் வெறுங்கால் தடம் இருந்தது. இடது சுண்டுவிரல் மட்டும் பதியவில்லை. தங்கைக்கு அந்த விரல் தரையில் படாது. அக்கா துடைப்பத்தைச் சத்தமில்லாமல் சுவரில் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

பல்செட்டுக்காரர் அலமாரியிலிருந்து மனைவியின் ஈறு அச்சை எடுத்தார். போட்டோவை முன்னால் வைத்துக்கொண்டு மெழுகில் பல் நட்டார். நடுவில் ஒரு அரிசி நுழையும் சந்து விட்டார். கை பழக்கத்தில் பல்லை நெருக்கி நெருக்கி வைத்தது. பிடுங்கிப் பிடுங்கி மறுபடி நட்டார்.

"இது யாருக்கு, தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"எனக்குத்தான்க்கா. பார்த்துப் பழகிக்கணும்."

வேலை முடிந்த மத்தியானம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ஈரம் காயாத மண்மேட்டின் முன்னால் நின்றார். வாசலுக்கு வந்தவளைப் 'போயிட்டு வா' என்றல்லவா அனுப்பியிருக்க வேண்டும்? கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவளை அப்படித்தானே அனுப்புவார். இனி வராமலே போய்விட்டால்?

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வராதே என்று அவர் கத்தியும், வாயைப் பொத்திக்கொண்டே அவள் சொல்லிவிட்டுப் போனது 'வரேங்க' என்றுதான்.

"போயிட்டு வாம்மா" என்றார் பல்செட்டுக்காரர், மண்ணைப் பார்த்து. "இந்தத் தடவை தெரிஞ்சுக்குவேன்."