வாங்கோ, நில்லுங்கோ

போன கோடையில், காரில் இழுத்து வந்த படுக்கை வசதியுள்ள டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்கும்போது அன்புராசாவும் மனைவி கிளடிஸும் போட்ட சண்டை, ரூஜ் ஆற்றோரச் சுற்றுலா முகாம் முழுக்கக் கேட்டது. "நீர் கையைக் காட்டினது வரச் சொல்லியோ, நிக்கச் சொல்லியோ?" என்று இவர் கத்த, "உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?" என்று அவர் கத்த, பக்கத்துக் கூடாரக்காரர்கள் கதிரை போட்டுப் பார்த்தார்கள்.

இந்த முறை மில்லிக்கன் வீட்டிலிருந்து புறப்பட முன்னரே அன்புராசா இரண்டு வோக்கி டோக்கி வாங்கிவிட்டார். இனி எதுவும் ஊருக்குக் கேட்காது.

முகாமுக்கு வந்ததும் கிளடிஸ் டிரெய்லருக்குப் பின்னால் நின்று வோக்கி டோக்கியில் வழி சொன்னார்.

"வாங்கோ... வாங்கோ... ஏன் யோசிக்கிறீங்கள்? பயப்பிடாமல் வாங்கோ... ஆ, நில்லுங்கோ!"

டிரெய்லர் மரத்தில் முட்டாமல் அழகாக நின்றது. அன்புராசாவுக்குத் தலைகால் புரியவில்லை.

தேத்தண்ணி கொதிக்க முன்னர், முன்பின் தெரியாத ஒரு தம்பதி சிரித்த முகத்தோடு வந்தார்கள். கணவரின் இடுப்பிலும் ஒரு வோக்கி டோக்கி. மனைவியின் கக்கத்தில் இரண்டு தலையணைகள்.

"எங்கட வோக்கி டோக்கியும் உங்கடையும் ஒரே சனல், அண்ணை. அக்கா இவ்வளவு அன்பாய் வாங்கோ எண்டு கூப்பிடேக்க வராமல் இருக்கலாமோ? நில்லுங்கோ எண்டும் சொன்னவா. அதான் ராவைக்கு நிண்டிட்டுப் போவம் எண்டு..."

கிளடிஸ் வாயில் கை வைத்தார். அன்புராசா சிரித்தபடியே டிரெய்லருக்குப் பின்னால் நழுவி, வோக்கி டோக்கியை வாயோடு ஒட்டிக் கிசுகிசுத்தார்: "இஞ்சேரும், உதுகளை எப்பிடிக் கலைச்சு அனுப்புறது?"

விருந்தாளியின் இடுப்பு அதை உரக்கச் சொன்னது.