ஹவாய் முனி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் கிடைத்தது. அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக் கேட்டைத் திறப்பதற்குள் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்துவிடலாம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சபிஹா. முத்துப்பேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். மடியில் ஒரு மர முகம் இருந்தது. உருட்டி விழிக்கும் கண், வரிசையாகப் பல், நெற்றி முழுக்கக் கோடு. பார்த்த வேகத்தில் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அய்ய, சாமி இல்லைங்க. விளக்கு. ஹவாய் விளக்கு. ஒயர் மாத்தி எடுத்துட்டுப் போறேன்."

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"செருப்பு இல்லைங்க! ஹவாய்னு ஒரு ஊரு இருக்கு, நடுக்கடல்ல. எங்க மாமா அப்துல் ஹமீது கப்பல்ல வேலை பாத்தப்ப வாங்கியாந்தது. இதப் பாத்து ஒரு அக்கா இன்னொண்ணு செய்யப்போக, அங்க ஊரே அல்லோலகல்லோலமாக் கெடக்கு. கேட்டீங்கன்னா சிரிப்பீங்க."

கேட்டேன். சிரித்தேன். கேட் திறப்பதற்குள் முக்கால் கதை வந்துவிட்டது. மீதியில் பாதியை அந்த ஊருக்கே போய் விசாரித்தேன். பாக்கியை நானாகக் கட்டினேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே குழம்பிப்போயிற்று.

2

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

காவிரியின் கிளைகள் தாலாட்டும் பசும் வயல்களின் நடுவே—

வேண்டாம். ஆனி முடிந்தும் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. யார் யாரைத் தாலாட்டியது?

அம்சம் என்ற அந்தக் கலைஞியின் விரல்களில்—

சே. அம்சம் காதில் விழுந்தால் விளக்குமாற்றை எடுப்பார்.

நேராகவே சொல்கிறேன். அம்சத்துக்கு நாற்பதைத் தாண்டிய வயசு. நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் (பேர் போடாதே என்று உத்தரவு). வீட்டுக்காரர் வீரையன். சொந்தம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம் என்று நெல் விவசாயம். அம்சத்துக்குக் கை சும்மா இருக்காது. மரம் கிடைத்தால் போதும், உளியைத் தூக்கிவிடுவார். அகப்பைக் காம்பில் மீன் இருக்கும். உலக்கையில் மாவிலை இருக்கும். மண்வெட்டிக் காம்பில் ஒரு கிளி.

"ஊர்ல அவனவன் மம்பட்டியப் புடிச்சு வெட்டுறான். நான் மட்டும் கிளியப் புடிச்சு வெட்டுறேன். மூக்கு கையில குத்துதுடி!" என்று வீரையன் தினமும் புலம்புவார்.

சபிஹா ஊர் ஊராகப் போய்ப் பழைய மரக்கால், நுகத்தடி, உரல் வாங்குவார். துடைத்து மெருகேற்றி, விளக்காகவோ மேசையாகவோ மாற்றி, அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக வருகிற வெளியூர்க்காரர்களுக்கு விற்பார். அப்படி அம்சம் வீட்டுக்கும் வந்து, கொல்லையில் கிடந்த மர உரலைக் கேட்டார்.

"எடுத்துட்டுப் போயி என்ன செய்வீங்க?" என்றார் அம்சம்.

சபிஹா போனில் மாமாவின் விளக்கைக் காட்டினார். அம்சம் அதை வாங்கிப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், சாய்த்துப் பார்த்தார்.

"இத நானே செய்வேன். உரல் இங்கயே இருக்கட்டும்."

"செஞ்சு குடுங்கக்கா. கடை வாசல்லயே வெக்கிறேன். பக்கத்துல ஒரு அட்டையில, செய்தவர் அம்சம்னு கொட்ட எழுத்துல எழுதி வெக்கிறேன்."

இங்கே வாசகர் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அந்த அட்டைதான். அவர் பேரை இதுவரை கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் கார்டிலும் எழுதியிருக்கிறார்கள். இரண்டிலும் பக்கத்தில் இன்னொருவர் பேர் ஒட்டிக்கொண்டிருக்கும். 'செய்தவர்' என்று யாரும் எழுதியதில்லை. அது வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை என்ன ஆசை, வெறியே வந்துவிட்டது.

3

உரலைக் கவிழ்த்துப் போட்டால் குழி உள்பக்கம் வந்துவிடும். அதற்குள் பல்பு. கண்ணையும் வாயையும் துளைத்துவிட்டால் வெளிச்சம் முகம் வழியாக வரும். அம்சத்தின் யோசனை அவ்வளவுதான். ஆனால் ஹவாய் முகம் ஹவாய் முகமாக வரவில்லை. மூக்கு வீரையன் மூக்காக வந்தது. மேல் உதட்டில் இடம் இருக்கிறதே என்று ஒரு முறுக்கு மீசையும் வைத்துவிட்டார்.*

கடைசியாக அடிப்பக்கத்தில் தன் பேரைச் செதுக்கினார்.

வீரையன் அதை வீட்டுக்குள் விடவில்லை. "ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா நெஞ்சு அடைச்சிரும். கொண்டுபோயி மோட்டார் கொட்டாயில வையி." அம்சம் கொண்டுபோய் வைத்தார். பல்பு எரிகிறதா என்று பார்க்க மோட்டார் லைனில் ஒயரைச் செருகினார். எரியவில்லை. வயலுக்கு விடுகிற கரண்ட் அப்போது இல்லை, அது வரும்போதுதான் வரும். மெருகு காயட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தார். சுவிட்சை அணைக்க மறந்துபோனார்.

*ஹவாயிலும் இந்த மாதிரி முகங்கள் முதலில் சாமிகளாகத்தான் இருந்தனவாம். பிறகுதான் யாரோ அவற்றைச் சாராயக் கடைக்கு விளக்காக்கினார்களாம். மாமா சொன்னதாகச் சபிஹா சொன்னார். அப்படியானால் அடுத்துவரும் பகுதியில் அண்ணாதுரை என்பவர் செய்யப்போவது பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

4

அண்ணாதுரை பக்கத்து வயல்காரர். அவர் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படமே கிடையாது. அண்ணாதுரையும் அந்த வழிதான், அன்று விடிகாலை வரைக்கும்.

அவர் மோட்டார் கொட்டகையைத் தாண்டுகிற சமயம் பார்த்துக் கரண்ட் வந்தது. இருட்டுக்குள் இரண்டு கண் திறந்தது. பல் சிரித்தது. மீசை வேறு. அண்ணாதுரை திரும்பிப் பார்க்காமல் ஓடி வாய்க்காலில் விழுந்தார்.

விழுந்ததும் நனைந்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது!

(மேட்டூரில் திறந்த தண்ணீர் கீழே இறங்கி வர எவ்வளவு நாள் பிடிக்கும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று மட்டும் அத்தனை பேருக்கும் மறந்துபோயிற்று.)

"முனி வந்துட்டாருய்யா! தண்ணியோட வந்துட்டாரு!"

அம்சம் விஷயம் கேள்விப்பட்டு வயலுக்கு வருவதற்குள் முகத்துக்கு எலுமிச்சை மாலை விழுந்திருந்தது. நெற்றிக் கோட்டில் சந்தனம் அப்பியிருந்தது. பல்லுக்கு நடுவே யாரோ ஒரு சுருட்டையும் செருகியிருந்தார்கள், புகைந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் முன்னால் நாகம்மாள். ஊரில் எந்தக் கோயில் காரியமானாலும் முதல் குலவை அவருடையதுதான்.

"சுயம்புடி அம்சம்! யாரும் செய்யல, தானா வந்துருக்கு. விழுந்து கும்புடு!"

"அய்யய்யோ, அது நான் செஞ்சதுங்க!"

"வாயக் கழுவு!"

"சத்தியமாச் சொல்றேன். அது சாமியே இல்ல, ஹவாய்!"

கூட்டம் குனிந்து தன் காலைப் பார்த்தது. நாகம்மாள்தான் முதலில் சுதாரித்தார். "அடிப் பாவி! சாமியப் பாத்துச் செருப்புங்கறாளே!"

அம்சத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுகை இல்லை, ஆத்திரம். "அடியில என் பேரு வெட்டியிருக்கேன். திருப்பிப் பாருங்க!"

சரி என்று, சாமியிடம் மன்னிப்புக் கேட்டு, துண்டை விரித்துப் பயபக்தியோடு சாய்த்தார்கள். உள்ளே இருந்த பல்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. அண்ணாதுரை குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "அம்... சம். அம்சம்!" நிமிர்ந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்திருந்தது. "முனீஸ்வரன் அம்சம்னு தானே எழுதிக்கிட்டு வந்துருக்குய்யா!"

குலவைச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டது. அம்சத்தைப் பெற்றவர்கள் பொன்னுத்தாய் என்றோ சாவித்திரி என்றோ பேர் வைத்துத் தொலைத்திருந்தால் எனக்கும் வேலை இங்கேயே முடிந்திருக்கும்.

பாக்கி இருந்தது ஒரே ஆள். அம்சம் வீரையனிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நீங்கதான கூட இருந்தீங்க."

எல்லாரும் வீரையனைப் பார்த்தார்கள். சாமி வந்தது அவர் வயலில் என்பதால் அதற்குள் யாரோ திருநீற்றுத் தட்டை அவர் கையில் கொடுத்திருந்தார்கள். "பூசாரி ஐயா, சொல்லுங்க" என்றது கூட்டம். அவரை அதுவரை யாரும் ஐயா என்றதில்லை. வீரையன் தட்டைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"துன்னூறு எடுத்துக்க" என்று நீட்டினார்.

5

இந்த வீரையனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிரதியில் கெட்டவனாகத்தான் எழுதினேன். 'அவருடைய கள்ளப் பார்வையில்—' என்றெல்லாம் ஒரு வாக்கியம் இருந்தது. நேரில் போய்ப் பார்த்த பிறகு அதை அடித்துவிட்டேன். மனுஷன் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். வழுக்கையைத் தானே வழித்தும் கொடுத்தார். அப்படிப்பட்டவரை வைவதற்குப் பேனா வரவில்லை.

"அண்ணே, அந்தச் சாமியச் செஞ்சது யாரு?" என்றேன்.

"அது... வந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது.

அப்புறம் கொல்லைக்குப் போய் அம்சத்திடம் பேசினேன். எழுத்தாளர்களுக்கே உரிய அடக்கத்தோடு, "இந்தக் கதை தானா வந்துச்சுக்கா, நான் ஒண்ணும் பண்ணல" என்றேன். மேடையில் அப்படித்தான் சொல்வது வழக்கம், கைதட்டுவார்கள்.

அம்சம் தட்டவில்லை. "தானா வந்துச்சா? அப்ப உங்க பேரப் போடாம அச்சுக்குக் குடுங்க தம்பி, பாப்போம்."

நான் மாடு நின்ற பக்கம் பார்த்தேன். போய்த் தண்ணீர் காட்டலாமா என்று இருந்தது.

6

முடிவு வேண்டுமே. என்னிடம் சில இருந்தன.

ஒன்று: சபிஹா வண்டி கொண்டுவந்து விளக்கைத் தூக்கிப்போகிறார். இதைச் சபிஹாவிடம் போனில் சொன்னேன். "நல்லாருக்கே! நான் போயி அவங்க சாமியத் தூக்கணுமா? உங்க கதைக்கு நான் அடி வாங்கணுமா?" என்று வைத்துவிட்டார். நியாயம்தான். அடித்துவிட்டேன்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்சத்திடமே விவரித்தேன். "அக்கா, நீங்க இன்னொரு உரல எடுத்துக்கிட்டு நேரா அங்க போறீங்க. பட்டப்பகல்ல, ஊரே பாக்க, அதே முகத்த அப்படியே செதுக்குறீங்க. எல்லாரும் வாயடைச்சு—"

"செஞ்சேனே."

"என்னது?"

"நாகம்மா வீட்டு உரல வாங்கி, அவ முன்னாலயே உக்காந்து செதுக்குனேன். முடிச்சதும் அவ குலவ போட்டா. முனியோட தம்பியும் வந்துட்டாராம். இப்ப ரெண்டு பேருக்கும் சேத்துக் கொட்டா போடுறாங்க."

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தோம். பிறகு அவர் நிறுத்திவிட்டார்.

"அப்ப எப்படித்தான் முடிக்கிறதுக்கா?"

அம்சம் உளியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஊரு நம்பாட்டிப் போவுது தம்பி. தண்ணி வந்த சந்தோசத்துல கும்புடுது, கும்புட்டுட்டுப் போவட்டும். சபிஹாவுக்கு வேற ஒண்ணு செஞ்சு குடுத்துருவேன், அவ அட்டைய எழுதி வெச்சுக்கிட்டு உக்காந்துருக்கா. ஆனா அந்த மனுசன் ஒரு தடவ சொல்லணும். ஊருக்கு வேணாம். வீட்டுக்குள்ள, எங்கிட்ட. 'நீதாண்டி செஞ்சே'ன்னு சொல்லணும். உரலு உருளுறப்ப யாரு புடிச்சது?"

"யாரு புடிச்சது?"

"அவருதான். ரெண்டு முட்டிக்கும் நடுவுல இடுக்கி, வைஞ்சுகிட்டே புடிச்சாரு. காலு மரத்துப்போயி எந்திரிக்க முடியாம, நாந்தான் கையக் குடுத்துத் தூக்கிவுட்டேன். அன்னைக்கு மூக்கப் பாத்துட்டு, 'என்னைய மாதிரியே இருக்குடி'ன்னு சிரிச்சாரு தம்பி. அந்த ஆளுதான் எனக்குத் துன்னூறு நீட்டுறாரு."

இது சபிஹாவுக்கும் தெரியாது. நானும் கட்டவில்லை.

7

அச்சானதும் ஒரு பிரதி வீரையனுக்குப் போகிறது. அதனால் மற்ற வாசகர்கள் இதோடு எழுந்துகொள்ளலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், முடிவு உங்களிடம் இல்லை. என்னிடமும் இல்லை.

வீரையன் அண்ணே, இருக்கீங்களா? தட்ட நீங்களே வெச்சுக்குங்க. நாளைக்கும் பூசை பண்ணுங்க, ஐயான்னு கூப்புடட்டும், நல்லாத்தான் இருக்கு. அண்ணாதுரைகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம், பாவம், இப்பத்தான் அவருக்குன்னு ஒரு சாமி கெடச்சிருக்கு. நாகம்மா அக்காகிட்டயும் வேணாம். ஒரே ஒரு ஆளுகிட்டதான் சொல்லணும், அதுவும் மெதுவாச் சொன்னாப் போதும்.

அக்கா கொல்லையிலதான் இருக்காங்க. புது உரல் ஒண்ணு வந்துருக்கு, இன்னும் யாரும் புடிக்காம உருண்டுகிட்டுக் கெடக்கு.

புத்தகத்தக் கவுத்து வெச்சுட்டுப் போங்கண்ணே. நீங்க பேசுறத நாங்க கேக்க மாட்டோம்.