படகுக்கு வாங்கிய ரேடியோ

ரேடியோ வாங்காமல் இனிமேல் படகு கரையை விட்டு நகரக் கூடாது என்று டிரைவரம்மா கண்டிப்பாகச் சொன்னபோது, அவளுடைய கணவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல் "ம், சரி" என்றார். எதற்குமே அவருக்கு அந்த ஒரு பதில்தான். சொன்னது உள்ளே போயிற்றா, வாசலோடு திரும்பிவிட்டதா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் சனிக்கிழமை காலையில், பள்ளிக்கூடம் லீவு என்பதால், அவளே அவரைக் கையோடு கிளப்பிக்கொண்டு துறைமுகத் தெருவுக்குப் போனாள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெரியவர்களுக்கும் அவள் டிரைவரம்மா ஆகிவிட்டாள். அவர் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் முன்னால் நின்றே காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்றதும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். துறைமுகத்தில் அவருக்கு 'பிரஸ்காரர்' என்று பேர்.

ரேடியோப் பேச்சு வந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் எஞ்சினைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று தனியாகப் போனவர், பொழுது சாயும் வரை வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. டிரைவரம்மா படகுத் துறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் ஒரு மீன்பிடி விசைப்படகுதான் அவருடைய படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

விசைப்படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அவளிடம் சொன்னார்: "மத்தியானமே பக்கத்துல போனோம்மா. ஹாரன் அடிச்சோம், கத்திக் கூப்பிட்டோம். மனுஷன் எஞ்சினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு திரும்பியே பாக்கல. உதவி வேணாம்னு இருக்காரு போலன்னு போயிட்டோம். திரும்பி வரும்போது பாத்தா இன்னும் மிதந்துக்கிட்டு இருக்காரு."

அதைக் கேட்டதும் அவளுக்குப் பயமெல்லாம் போய்க் கோபம் தலைக்கேறியது. உதவி கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமா? திமிர் பிடித்த மனுஷன் என்று இரண்டு நாள் கரித்துக் கொட்டினாள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கடை நீளமாக, குறுகலாக இருந்தது. வாசலில் சுருள் சுருளாகக் கயிறு, சுவரில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள், உள்ளே போகப் போகப் பெயின்ட் வாசனை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்த கடைக்காரப் பெண், கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று ரேடியோக்களை எடுத்து வைத்தாள்.

"என் தம்பி ஒரு வாக்கி டாக்கி தர்றேன்னான்" என்றாள் டிரைவரம்மா. "செக்யூரிட்டி ஆளுங்க வச்சிருப்பாங்களே, அது."

"அது கார் பார்க்கிங்குக்குச் சரிம்மா. கடல்ல அதுல கத்தினா மீனுகூடத் திரும்பாது. படகுக்குன்னு தனி சேனல் இருக்கு. பதினாறாவது சேனலை எல்லாப் படகும், துறைமுகமும் கேட்டுக்கிட்டே இருக்கும். ஆபத்துன்னா அதுலதான் கூப்பிடணும்."

"எவ்வளவு தூரம் எட்டும்?"

"பெட்டியில போட்டிருக்கிறத நம்பாதீங்க. கையில பிடிக்கிறதுல ஏரியல் தாழ்வா இருக்கும். ரெண்டு சின்னப் படகுன்னா கொஞ்ச தூரம்தான். துறைமுகத்துல ஏரியல் உயரத்துல இருக்கு, அதனால இன்னும் தள்ளிப் போனாலும் அவங்களுக்குக் கேக்கும்."

முதலாவது உள்ளங்கைக்குள் அடங்கியது, மலிவு. இரண்டாவது தண்ணீரில் மிதக்கும். கடைக்காரப் பெண் பேச்சோடு பேச்சாக அதை ஒரு வாளித் தண்ணீரில் தூக்கிப் போட்டாள். டிரைவரம்மா பதறிப்போய்க் கையை நீட்டினாள். ரேடியோ ஒரு முங்கு முங்கி, மேலே வந்து, பளிச்சென்று விளக்கை எரித்துக்கொண்டு மிதந்தது. மூன்றாவது கொஞ்சம் தடிமன். அதன் பக்கவாட்டில் மூடிக்குள் ஒரு சிவப்பு பட்டன். அதை அழுத்திப் பிடித்தால், பேசவே வேண்டாம், படகு இருக்கும் இடத்தை அதுவே அறிவித்துவிடும். அதற்கு முன்னால் படகைப் பதிவு செய்து ஒரு எண் வாங்க வேண்டும் என்றாள்.

"பேசுற பட்டன் வேற, இது. இதை அழுத்தினா பேசலாம், விட்டாத்தான் கேக்கலாம். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க பேச முடியாது."

"வீட்டுக்கும் சேத்து ரெண்டா குடுங்க" என்றார் அவர். அதுவரை அவர் வாயைத் திறக்கவே இல்லை. கையில் எடுத்திருந்தது அந்தச் சின்ன ரேடியோவைத்தான். "இது போதும்."

"கடைக்குள்ள எல்லாமே நல்லாத்தான் கேக்கும் சார். உங்க படகு இங்கதானே நிக்குது? எஞ்சினைப் போட்டு வச்சுக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லி, யாருக்கும் தொந்தரவில்லாத ஒரு சேனலில் வைத்துக் கொடுத்தாள்.

அவர் படகுக்குப் போனார். டிரைவரம்மா இன்னொரு ரேடியோவோடு கடை வாசலில் நின்றாள். எஞ்சின் புகை கிளம்புவது தெரிந்தது.

"ஏங்க, கேக்குதா?"

"நல்லா கேக்குது."

"எஞ்சின் சத்தத்துலயுமா?"

"நல்லா கேக்குது."

"ரேடியோ கறுப்பு வேணுமா, மஞ்சள் வேணுமா?"

"ஆமா, ஆமா."

டிரைவரம்மா கடைக்காரப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு பட்டனை அழுத்தி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "உங்க தலைமேல காக்கா உக்காந்திருக்கு."

"சரி, அதையே வாங்கிடலாம்."

கடைக்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அடுத்த நிமிஷமே அவள் சிரிப்பு நின்றது. "ரேடியோல கோளாறு இல்லம்மா" என்றாள் மெதுவாக.

டிரைவரம்மா ரேடியோவை அவளிடம் கொடுத்துவிட்டுப் படகை நோக்கி நடந்தாள். அவர் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்று கூப்பிட்டாள். அசையவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டில் சண்டை போடுகிற பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கும் குரல் அவளுடையது. அந்தக் குரலை எடுத்தாள். பக்கத்துப் படகில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். இவர் திரும்பவில்லை.

விசைப்படகின் ஹாரன் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். படகில் இறங்கி எஞ்சினை நிறுத்தினாள். அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஹாரன் அடிச்சது உங்களுக்குக் கேக்கவே இல்ல, அப்படித்தானே?"

அவர் ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. "நிமிந்து பாக்கும்போது அந்தப் படகு தூரமா போயிடுச்சு. நான் கத்தினது அவங்களுக்குக் கேக்கல."

"எத்தனை நாளா இப்படி?"

"வேலைய விடுறதுக்கு முன்னாலேயே. வீட்டுல சமாளிச்சுடுவேன். உன் முகத்தைப் பாத்தா என்ன சொல்றன்னு தெரிஞ்சுடும்."

"ஏன் சொல்லல?"

"காது மந்தம்னு தெரிஞ்சா எவன் என் படகுல ஏறுவான்? முதல்ல நீயே சாவியைப் பிடுங்கி வச்சுக்குவ."

அது உண்மைதான். பிடுங்கித்தான் வைத்திருப்பாள். "ரெண்டு நாள் முழுக்க வாய்க்கு வந்தபடி திட்டினேனே. அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ திட்டினதுல பாதிதான் கேட்டுச்சு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கியது. பெயின்ட் அடிக்கிறவர் பார்க்கிறாரே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட வரணும். அதுவரைக்கும் நீங்க தனியா போகக் கூடாது. நான் கூட வருவேன்."

"உனக்குத் தண்ணி ஒத்துக்காதே."

"அது என் பாடு."

கடைக்காரப் பெண் எதையும் விசாரிக்கவில்லை. தடித்த ரேடியோவோடு, சுருள் வயர் வைத்த சின்ன மைக் ஒன்றையும் எடுத்து வைத்திருந்தாள். "இதைத் தோள்ல மாட்டிக்கலாம் சார். இதுலயே ஸ்பீக்கரும் இருக்கு. காதுக்குப் பக்கத்துல இருக்கும்." அவர் தானாகவே இடது தோளில் மாட்டிக்கொண்டார். அந்தப் பக்கத்துக் காது பரவாயில்லை என்று டிரைவரம்மா தெரிந்துகொண்டாள்.

"இன்னொண்ணு சார். கடல்ல காத்து, எஞ்சின், இரைச்சல்னு யாருக்குமே ஒழுங்கா கேக்காது. 'திரும்பச் சொல்லுங்க'ன்னு எத்தனை தடவை வேணாலும் கேக்கலாம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லணும், அதுதான் முறை. கேக்காமலே சரின்னு சொல்றவங்களாலதான் எல்லாருக்கும் ஆபத்து."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் படகுக்குப் போய் எஞ்சினைப் போட்டார்.

"கறுப்பா, மஞ்சளா?" என்று டிரைவரம்மா வாசலிலிருந்து ரேடியோவில் கேட்டாள்.

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னாள்.

"கறுப்பா மஞ்சளான்னு கேக்குற. மஞ்சள். கறுப்பு தண்ணியில விழுந்தா கண்ணுக்குத் தெரியாது."

அடுத்து வந்த நாட்களில் பதிவு வேலை முடிந்தது. எண் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினார்கள். அலைத் தடுப்புச் சுவரைத் தாண்டும்போதே துறைமுகத்திலிருந்து அவருடைய படகைக் கூப்பிட்டார்கள். அவர் எஞ்சினைக் குறைத்து, தலையைத் தோள் பக்கம் சாய்த்தார். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டதைத் தெளிவாகத் திருப்பிச் சொன்னார்: சரக்குக் கப்பல் ஒன்று வெளியே வருகிறது, வழியை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தப் பக்கக் குரல் சலித்துக்கொள்ளவில்லை. "சரியா சொன்னீங்க, நன்றி" என்று முடித்துக்கொண்டது.

ஒதுங்கி நின்றார்கள். கப்பல் நான்கு மாடிக் கட்டடம் நகர்கிற மாதிரி கடந்து போயிற்று. அது கிளப்பிய அலையில் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. டிரைவரம்மா ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்தாள். அவர் ஒரு கையால் சுக்கானையும், மறு கையால் அவள் முதுகையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மீன் ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு காதும் பிரஸ் மெஷின் சத்தத்தில் கெட்டுப்போனவை, பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லி, கருவி எழுதிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ எப்பவுமே இவ்வளவு சத்தமாத்தான் பேசுவியா?" என்பதுதான். "யாருக்காகக் கத்திப் பழகினேனாம்?" என்று அவள் எகிறினாள்.

வழக்கமாகத் தூண்டில் போட வருகிறவர்களிடம் அவரே காது விஷயத்தைச் சொல்லிவிட்டார். அதில் ஒருவர் வேறு படகு பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் வந்தார்கள். புதிதாக ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும், முதலில் அந்தச் சிவப்பு பட்டன் எங்கே இருக்கிறது, எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டுத்தான் அவர் கயிற்றை அவிழ்க்கிறார். லீவு நாட்களில் டிரைவரம்மாவும் போகிறாள், கைப்பையில் வாந்தி மாத்திரையோடு.