பெட்ரோல் லாரிக்கு ஆள் இல்லை

முதலாளி புது லாரியை ஆதித்தனிடம் கொடுத்த நாளிலிருந்து டிரைவர் செல்லப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று வந்த பயலுக்குப் பெட்ரோல் பீப்பாய் ஏற்றும் புது வண்டி. தனக்கு இன்னும் புளியங்குடி எலுமிச்சை மூட்டையும் அதே ஓட்டை வண்டியும்! பெட்ரோல் லோடை ஆளில்லாமல் விட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பயல் எப்போது தவறுவான் என்று செல்லப்பா அவன் பின்னாலேயே வண்டியை ஓட்டித் திரிந்தான்.

சீசன் நேரம். குற்றாலத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் அந்த லாரி தனியாக நின்றது. ஆதித்தன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார்.

"மாட்டினான்லே!" என்று செல்லப்பா முதலாளியிடம் சொல்லத் தென்காசிக்குத் திரும்பப் பார்த்தான்.

அதற்குள் சாரலுக்கு ஒதுங்கிய இருவர் லாரிக்கடியில் உட்கார்ந்து பீடியை எடுத்தார்கள். "ஏலே, மேல பெட்ரோலு இருக்கு! ஓடுங்கலே!" என்று விரட்டினான். அவர்கள் போனதும் ஒரு குடும்பம் சக்கரத்தை ஒட்டிச் சோறு பொங்க மூன்று கல்லை வைத்தது. கல்லை எத்திவிட்டான். இனி நகர வழியில்லை. எலுமிச்சைக்காகச் செங்கோட்டையில் வியாபாரி காத்துக்கிடக்க, இவன் ஆதித்தனைத் திட்டிக்கொண்டே நனைந்து நின்றான்.

ஈரத்தலையோடு ஆதித்தன் சாவகாசமாக வந்தான்.

"லோடை விட்டுட்டு எங்கலே போன?"

"நீங்க பின்னால வாறதப் பாத்துட்டுத்தான் போனேன், அண்ணாச்சி. என் லாரிய உங்கள மாதிரி கண்கொட்டாம வேற யாரு பாத்துக்கிடுவா?"